நடுக்குரல் – 14: சொன்ன பேச்சு கேட்காத விரல்

அன்றைக்குக் காலையிலிருந்து எல்லாரும் அவளிடம் ரொம்ப நல்லவர்களாக நடந்துகொண்டார்கள். வியோலாக்காரிக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

கணவர் கேட்காமலே காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தானாகக் காபி போட்டது இரண்டே சந்தர்ப்பங்களில்தான். அவளுக்குப் பிரசவம் ஆனபோது ஒன்று. அவள் காரைக் கொண்டுபோய்ச் சுவரில் இடித்துவிட்டு வந்து நின்றபோது ஒன்று.

"இப்ப எந்தச் சுவர்ல இடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"ஏன், பொண்டாட்டிக்குக் காபி போட்டா குத்தமா?" என்றார், ஜன்னல் திரையைச் சரிசெய்தபடி. திரை ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அவளும் மேற்கொண்டு தோண்டவில்லை. தன் பக்கமே ஒரு மூட்டை மறைத்து வைத்திருப்பவள் அடுத்தவர் மூட்டையை எப்படி அவிழ்ப்பாள்?

போன வாரம் மேடையில் நடந்ததை அவள் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே இடது கைச் சுண்டுவிரல் மடங்கி உள்ளங்கைக்குள் போய்விட்டது. அடிக்குப் பயந்த குழந்தை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளுமே, அந்த மாதிரி. வலி கிடையாது, சுளுக்கு கிடையாது. வா என்று கூப்பிட்டாள், வரவில்லை. மற்ற மூன்று விரல்களை வைத்து எப்படியோ ஒப்பேற்றினாள். கூட்டம் கைதட்டியது. பக்கத்து நாற்காலியில் வாசிக்கிறவள் மட்டும் ஒரு விநாடி அவள் கையைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வியோலாக்காரி என்பது தம்பி வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் அக்கா, தம்பி இருவருமே வயலின்தான் கற்றார்கள். ஒரே வீட்டில் இரண்டு வயலின் எதற்கு என்று அவளை வியோலாவுக்கு மாற்றிவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வியோலாவும் வயலினும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வியோலா ஒரு சுற்றுப் பெரியது, குரல் கனத்தது, தந்தி தடித்தது. மெட்டெல்லாம் வயலினுக்குப் போகும். அடித்தளம் செல்லோவுக்குப் போகும். நடுவில் நின்று இரண்டையும் ஒட்டவைப்பது வியோலாவின் வேலை. "நான் தப்பா வாசிச்சா யாருக்குத் தெரியும்? வாசிக்கிறதே யாருக்கும் தெரியாதே!" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிச் சிரித்துக்கொண்டேதான் நகரத்தின் பெரிய இசைக்குழுவில் வியோலா வரிசைக்குத் தலைவியானாள். தம்பி அதே குழுவில் முதல் வயலின். அது போதாதென்று இருவரும் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு நால்வர் குழுவும் நடத்துகிறார்கள். கணவர் அதே அரங்கத்தில் மேடை நிர்வாகி. யாருக்கு எந்த நாற்காலி, எவ்வளவு உயரம், எந்த விளக்கு என்பதெல்லாம் அவர் பொறுப்பு. குடும்பமே ஒரே கூரைக்குக் கீழ் சம்பளம் வாங்கினால் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் சுவரே இருக்காது.

மகள் வாண்டு சாப்பாட்டு மேசையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கல்லூரி வயதாகிவிட்டாலும் இன்னும் வாண்டுதான். வெளியூரில் விடுதியில் தங்கி வயலின் படிக்கிறவள், முன்னறிவிப்பில்லாமல் நேற்று வந்து இறங்கியிருந்தாள்.

"என்ன லீவுடி இது?"

"சும்மா ஒரு லீவும்மா."

ரொட்டியைப் பிடித்திருந்த இடது கை விரல் நுனிகளில் தடித்த கோடுகள் தெரிந்தன. வயலின் தந்தி மெல்லியது, அது போடும் கோடு வேறு. இது கனத்த தந்தி அழுத்திய பள்ளம்.

"விரல்ல என்ன?"

"புதுத் தந்தி மாத்தினேன். கொஞ்சம் முரடு." வாண்டு கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டாள்.

அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

*

ஒத்திகையில் கண்டக்டர் நல்ல மனநிலையில் இருந்தார். அவர் நல்ல மனநிலையில் இருந்தால் யாரையாவது தனியாக வாசிக்கச் சொல்வார் என்பது எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸில் டிக்கெட் கேட்கும் கண்டக்டரிடமாவது இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். கையில் குச்சி வைத்திருக்கும் கண்டக்டரிடம் அந்த வசதி கிடையாது.

"வியோலா மட்டும், ப்ளீஸ்."

வரிசை முழுக்க வாசித்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"முதல் மேசை மட்டும்."

முன் மேசைக்காரர்களான அவளும் பக்கத்து நாற்காலிக்காரியும் வாசித்தார்கள். வியோலாக்காரிக்கு முதுகில் வியர்த்தது. சுண்டுவிரல் நல்ல பிள்ளையாக நின்றது.

"தலைவியம்மா மட்டும்."

எழுபது சொச்சம் பேர் அவளைப் பார்த்தார்கள். வில்லை வைத்தாள். முதல் வரி சுத்தமாக வந்தது. இரண்டாவது வரியில், சுண்டுவிரல் எட்டிப் பிடிக்க வேண்டிய இடத்தில், அது எட்டவில்லை. மெதுவாக, வெட்கப்பட்டதுபோல், உள்ளே மடங்கியது. ஒரு ஸ்வரம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை விழுந்தது. படிக்கட்டில் ஒரு படி இல்லாமல் கால் வைத்த மாதிரி.

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. கண்டக்டர் பக்கத்தைப் புரட்டி, "நன்றி. அடுத்தது" என்றார்.

எதிரே முதல் வயலின் நாற்காலியில் இருந்த தம்பியைப் பார்த்தாள். பக்கத்தில் இடி விழுந்தாலும் அக்காவைப் பார்த்துக் கண்ணடிக்கிறவன், அன்று தன் வில்லின் முனையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் தானாகவே வந்தான்.

"அக்கா, சாயந்திரம் கச்சேரி. நீ வேணா வீட்டுக்குப் போய் கொஞ்சம் படுத்துக்கோயேன்."

"நான் என்ன நோயாளியா?"

"சேச்சே. அந்த அம்மா வர்றாங்க இல்ல, அதான்."

அந்த அம்மா என்றால், ஊர் ஊராகக் கச்சேரிப் பயணங்கள் ஏற்பாடு செய்கிறவர். நால்வர் குழுவை இன்று மாலை வந்து கேட்கிறார். பிடித்துவிட்டால் ஒரு நீண்ட பயணம் நிச்சயம். தம்பி இதற்காக எத்தனையோ நாளாகக் காத்திருந்தான். அவனேதான் இன்றைய உருப்படியையும் தேர்ந்தெடுத்தான். அதில் ஒரு விசேஷம்: வியோலாதான் முதலில் பேசும். மற்ற மூவரும் ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பிடித்தபடி அடியில் நிற்க, வியோலா தன்னந்தனியாக மெட்டெடுக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் நடுவில் ஒளிந்துகொள்ள இடமே இல்லாத உருப்படி.

"படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வாசல் வரை போனவள், வில்லுக்குத் தடவும் ரோசினை ஒத்திகை அறையில் விட்டுவிட்டது ஞாபகம் வந்து திரும்பினாள்.

*

ஒத்திகை அறைகள் அரங்கத்துக்குக் கீழ்த்தளத்தில் இருந்தன. குழாய் ஓடும் தாழ்ந்த கூரை, பச்சைக் கதவுகள், பாதி எரியும் குழல்விளக்குகள். மதிய வேளையில் அங்கே ஈ காக்காய் இருக்காது.

நடையின் பாதியில் அவள் நின்றுவிட்டாள்.

யாரோ வியோலா வாசித்துக்கொண்டிருந்தார்கள். இன்று மாலை அவள் வாசிக்க வேண்டிய அதே தொடக்கம்.

யாரோ தன்னைப் பதிவுசெய்து போட்டுக் கேட்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஏனென்றால் அது அவளுடைய வாசிப்பு. மூன்றாவது ஸ்வரத்துக்குப் போகும்போது விரலைத் தூக்காமல் ஒரு சின்ன வழுக்கல் வழுக்குவாள், வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. அந்த வழுக்கல் அப்படியே இருந்தது. கடைசியில் சுண்டுவிரல் எட்டிப் பிடிக்கும் உச்சி ஸ்வரமும் இருந்தது, முழுசாக, கணீரென்று.

சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அவள் சாதகத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் அது வரும்.

கதவைத் திறந்தாள்.

வாண்டு நின்றுகொண்டிருந்தாள், தோளில் ஒரு வியோலாவோடு. எதிரே நாற்காலியில் தம்பி. சுவரோரம் கையில் இரண்டு நோட்ஸ் ஸ்டாண்டுகளோடு கணவர். மூன்று பேரும் கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள்போல் சிலையானார்கள்.

"நல்லா இருக்கே!" என்றாள் வியோலாக்காரி. "குடும்பமா சேர்ந்து எனக்குக் கருமாதி ஒத்திகையா?"

"அம்மா!" வாண்டு பதறினாள். "நீயே கேட்டேன்னு மாமா சொன்னாரே!"

"நான் என்ன கேட்டேன்?"

"உனக்கு உடம்பு சரியில்ல, ஒரு அவசரத்துக்கு நான் தயாரா இருக்கணும்னு நீ ஆசைப்படறேன்னு. ஆனா உன்கிட்ட அதைப் பத்திப் பேசினா அழுதுடுவே, பேசாதேன்னு..." வாண்டு மெதுவாகத் திரும்பினாள். "மாமா?"

தம்பி எழுந்துகொண்டான். "அக்கா, கோபப்படாம கேளு. வெளியாள் ஒருத்தரைக் கொண்டுவந்து உட்கார வச்சா, நாளைக்கு நீ திரும்பி வரும்போது அந்த இடம் இருக்காது. வாண்டுன்னா இடம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். உனக்காகத்தான் செஞ்சேன்."

"எப்பலேர்ந்து?"

வாண்டுதான் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டே. "போன பரீட்சை லீவுலேர்ந்து."

வியோலாக்காரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பரீட்சை லீவு முடிந்து மாதக்கணக்கில் ஆகிறது. அவள் விரல் முதன்முதலாக மடங்கியது போன வாரம்தான்.

"தம்பி, எனக்கே போன வாரம்தான்டா தெரியும்."

"எனக்கு முன்னாடியே கேட்டுச்சுக்கா." அவன் குரல் இறங்கியிருந்தது. "உன் சுண்டுவிரல் ரொம்ப நாளா ஒரு மயிரிழை லேட்டா விழுது. உனக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது."

அவள் கணவரைப் பார்த்தாள். "உங்களுக்கும் தெரியுமா?"

"உன் தம்பி ரெண்டு நாள் முன்னாடிதான் சொன்னார்." கையிலிருந்த ஸ்டாண்டுகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் தவித்தார். "நீயே சொல்வேன்னு பார்த்தேன். காபி கொடுக்கும்போதுகூட, இப்பச் சொல்லிடுவா, இப்பச் சொல்லிடுவான்னு..."

"நான் இதை வாசிக்க மாட்டேன்." வாண்டு வியோலாவைப் பெட்டிக்குள் வைத்துப் படாரென்று மூடினாள். "பொய் சொல்லிக் கத்துக்கொடுத்தது எனக்கு வேண்டாம்."

தம்பி அக்காவையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வயலினை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

கணவர் தொண்டையைக் கனைத்தார். கேட்க வேண்டியதை அவர் கேட்டே ஆக வேண்டும், அது அவர் உத்தியோகம்.

"சாயந்திரம் வியோலா நாற்காலி... யார் உயரத்துக்கு வைக்கட்டும்?"

"என் உயரத்துக்கு."

"சரி" என்றார். கண் கலங்கியதுபோல் இருந்தது. "ஒரு இஞ்ச் குறைச்சே வைக்கிறேன். முட்டிக்கு நல்லது."

அவர் போன பிறகு வியோலாக்காரி உட்கார்ந்தாள். அழலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். நேரமில்லை.

"வாண்டு, பென்சில் இருக்கா?"

"எதுக்கு?"

"இந்தத் தொடக்கத்தைச் சுண்டுவிரல் இல்லாம வாசிக்கணும். வழி கண்டுபிடி பாக்கலாம். நீதான் கரைச்சுக் குடிச்சிருக்கியே."

வாண்டு முறைத்தாள். முறைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவர் தலைகளும் ஒரே நோட்ஸ் தாளின் மேல் கவிழ்ந்தன. இங்கே இரண்டாம் விரல், அங்கே தந்தி மாற்றம் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினார்கள். உச்சி ஸ்வரத்துக்கு மட்டும் வழி பிறக்கவில்லை.

"மூணாம் விரலை முன்னாடியே மேல ஏத்தி வச்சுட்டு, அங்கேயே காத்திருந்தா?" என்றாள் வாண்டு.

"அந்தரத்துல தொங்கற மாதிரி இருக்குமே."

"இருக்கட்டுமே. கேக்கறவங்களுக்கும் அப்படித்தானே இருக்கணும்?"

வியோலாக்காரி வாசித்துப் பார்த்தாள். மகள் சொன்னது சரி. அந்த இழுபறியில் மெட்டுக்கு ஒரு புதுப் பயம் வந்திருந்தது. அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

*

மாலையில் அரங்கம் நிரம்பிவிட்டது. அந்த அம்மா மூன்றாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடை ஓரத் திரைக்குப் பின்னால் வாண்டு நின்றாள்.

மற்ற மூவரும் தொடங்கினார்கள். கீழே ஒரே ஸ்வரம் நீண்டுகொண்டே போனது. வியோலாக்காரி மூச்சை இழுத்து உள்ளே நுழைந்தாள். மூன்றாம் விரல் மேலே ஏறி, நின்று, காத்திருந்து, விழுந்தது. அரங்கத்தில் யாரோ ஒருவர் "ஸ்ஸ்" என்று மூச்சிழுத்தது மேடை வரை கேட்டது.

தாண்டிவிட்டாள்!

அதற்குப் பிறகு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மெட்டு கைமாறிப் போன பிறகு வழக்கம்போல் நடுவில் உட்கார்ந்து, நாலாபக்கமும் காதை வைத்துக்கொண்டு வாசித்தாள். கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்கு எல்லா அறைச் சத்தமும் கேட்கும். அப்படித்தான் தம்பியின் வயலினும் அவளுக்குக் கேட்டது.

மெதுவான பகுதியில் அவன் ஓர் இடத்தில் வழுக்கினான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவன் வழுக்குகிறவன் இல்லை. நேரே நான்காம் விரலை நட்டு, ஆணியடித்த மாதிரி ஸ்வரத்தைப் பிடிக்கிறவன். இன்றைக்கு ஏன் சுற்றுவழியில் போகிறான்?

கடைசிப் பகுதி வேகமெடுத்தது. அவள் அவன் கையையே கவனித்தாள். எதிரெதிரே உட்கார்ந்திருந்ததால் மறைக்க இடமில்லை. உச்சத்துக்கு ஏறும் வரியில், கடைசி ஸ்வரத்துக்கு முன்னால், தம்பியின் சுண்டுவிரல் சுருண்டு வயலின் கழுத்துக்கு அடியில் போய்ப் பதுங்கியது.

ஓட்டை விழுவதற்குள் அவள் புகுந்தாள். அதே ஸ்வரத்தைத் தன் கீழ்க்குரலில், இரண்டு பங்கு சத்தமாக எடுத்துக் கொடுத்தாள். அப்படித்தான் எழுதியிருக்கிறது போல என்று கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது.

தம்பி நிமிர்ந்தான். மேடையேறியதிலிருந்து அவளைப் பார்க்காதவன் அப்போது பார்த்தான். அந்தப் பார்வையை அவள் அவனிடம் கடைசியாகக் கண்டது, சின்ன வயதில் ஆற்றில் கால் தரை தட்டாமல் போய் அவன் தத்தளித்தபோது.

*

கைதட்டல் ஓய்ந்தது. அந்த அம்மா பின்னறைக்கு வந்து எல்லாருடைய கையையும் குலுக்கி, பயணம் உறுதி என்று சொல்லிவிட்டு, வெளியே மற்ற இருவரோடும் பேசிக்கொண்டு நின்றார். அறைக்குள் அக்காவும் தம்பியும் மட்டும்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"உனக்கு ரொம்ப முன்னாடியே. அதனாலதான் உன்னோடது உடனே காதுல விழுந்துச்சு."

"டாக்டர்கிட்டப் போனியா?"

"போனேன். வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கான்னுதான் முதல்ல கேட்டார். இல்லைன்னேன். மனசு கேக்கல. போன வாரம் அப்பாகூடப் பிறந்த அத்தையைப் போய்ப் பாத்தேன்." அவன் வயலினை மடியிலிருந்து இறக்கி வைத்தான். "அப்பா ஏன் வயலினை விட்டார்னு நமக்கு என்ன சொல்லி வளர்த்தாங்க?"

"கையில கண்ணாடி குத்தி நரம்பு போயிடுச்சுன்னு."

"கண்ணாடி குத்தவே இல்லைக்கா."

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். அப்பா, தம்பி, தான் என்று மனசு ஒவ்வொரு படியாக இறங்கியது. அடுத்த படியில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"போன வாரம் தெரிஞ்சுடுச்சு. அப்புறமாவது வாண்டுவை நிறுத்தச் சொன்னியா? தடிச்ச தந்தி, பெரிய வாத்தியம், நாள் முழுக்க சாதகம். சொன்னியா?"

தம்பி வில்லின் முறுக்கைத் தளர்த்தத் தொடங்கினான்.

கதவு தள்ளிக்கொண்டு திறந்தது. வாண்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். முகம் முழுக்கச் சந்தோஷம்.

"அம்மா, கொன்னுட்டே! நான் முடிவு பண்ணிட்டேன். வயலினை விட்டுடறேன். காலேஜ்ல கேட்டு வியோலாவுக்கே மாறிடறேன். உன்னை மாதிரி!"

"கதவைச் சாத்திட்டு வா" என்றாள் வியோலாக்காரி.

"அக்கா, இன்னிக்கு வேண்டாம்" என்றான் தம்பி.

"இன்னிக்குத்தான்."

வாண்டு கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "என்னம்மா? மாமாகூடச் சண்டையா?"

"சண்டை இல்ல. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. வாசிக்கும்போது எப்பவாவது உன் சுண்டுவிரல்..."

கேள்வி முடியவில்லை. வாண்டுவின் முகத்திலிருந்த சிரிப்பு, விளக்கை அணைத்த மாதிரி, போயே போய்விட்டது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினீங்களே, மாமா?"